புரானோ போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வெனிஸ் போகிறவர்களில் பலர் ‘கலர் கலரா வீடு இருக்குமே, அந்தத் தீவு’ என்று புரானோவையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். நடுப்பகலில் இறங்கி, நாலு போட்டோ எடுத்து, மலிவாக ஒரு லேஸ் கைக்குட்டை வாங்கிக்கொண்டு அடுத்த படகைப் பிடிக்கிறார்கள். இதில் அந்தக் கைக்குட்டைதான் பெரிய தவறு.

மலிவு விலையில் தொங்குகிற லேஸ் பெரும்பாலும் இயந்திரத்தில் செய்தது. கையால் செய்யும் புரானோ லேஸுக்கு அடியில் துணியே கிடையாது. தாளில் வரைந்த டிசைனைத் துணியோடு சேர்த்துப் பிடித்து, கோடுகளின் மேல் நூலை ஓட்டி, இடைவெளிகளை ஊசியாலேயே தையல் தையலாக நிரப்புவார்கள். கடைசியில் பிடிப்பு நூலை வெட்டினால் லேஸ் மட்டும் தனியே கழன்று வரும். வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் வெவ்வேறு பெண் செய்வது பழைய வழக்கம். சின்னத் துண்டுக்கே நாள்கணக்கில் உழைப்பு, அது சில யூரோவுக்குக் கிடைக்க வாய்ப்பே இல்லை.

அதனால் கடைக்குள் நுழையுமுன் கலுப்பி சதுக்கத்திலுள்ள லேஸ் மியூசியத்தைப் பாருங்கள். கண் பழகிவிட்டால் அசலும் நகலும் தானாகத் தெரியும். கடுங்குளிரால் மீனவக் குடும்பங்கள் வருமானமில்லாமல் தவித்த நேரத்தில், 1872இல் தொடங்கிய லேஸ் பள்ளியின் கட்டடம் அது. அப்போது இந்தக் கலை கிட்டத்தட்ட அழிந்திருந்தது. நுணுக்கம் தெரிந்த செஞ்சா ஸ்கார்பரியோலா என்ற மூதாட்டியிடமிருந்துதான் மீண்டும் துளிர்த்தது. திங்கட்கிழமை மியூசியம் மூடியிருக்கும், அன்றைக்குப் போகாதீர்கள்.

அப்புறம் அந்த வீடுகள். அவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள். வாசற்படியில் உட்கார்ந்து போஸ் கொடுப்பதும், திரை விலகிய ஜன்னலுக்குள் கேமராவை நீட்டுவதும் வேண்டாமே. சுவருக்கு வண்ணம் மாற்றக்கூட அவர்கள் நகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். அத்தனை கட்டுப்பாட்டோடு காப்பாற்றி வருகிறார்கள்.

படகு விஷயம் சுலபம். வெனிஸிலுள்ள ஃபொண்டமென்தே நோவே படகுத்துறையிலிருந்து 12ஆம் எண் படகில் முக்கால் மணி நேரம். 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 24 மணி நேர பாஸ் 25 யூரோ. மூன்று முறை ஏறினாலே பாஸ்தான் லாபம். முரானோ, தொர்செல்லோ, புரானோ மூன்று தீவுகளையும் அரை நாளில் அடைக்கப் பார்க்காதீர்கள். காலையில் சீக்கிரம் போங்கள், அல்லது கூட்டம் வடிகிற மாலை வரை இருங்கள். நடுவில் நேரம் கிடைத்தால் மரப்பாலத்தைத் தாண்டி பக்கத்துத் தீவான மசோர்போவுக்கு நடந்து போகலாம், அங்கே திராட்சைத் தோட்டமே இருக்கிறது.