டைவ் பண்ணிட்டு ஏற்காடு ஏறினவருக்கு மூட்டு வலி, மரமரப்புன்னா ஆக்சிஜன் குடுக்கிறது எப்படி

சேலத்துல இருந்து இப்ப நிறைய பேர் லீவுல பாண்டிச்சேரி போய் ஸ்கூபா டைவ் பண்ணிட்டு வர்றாங்க, நல்ல விஷயம்தான், ஆனா திரும்பி வந்த கையோட ஏற்காட்டுல ரூம் போட்டுடறாங்க பாருங்க, அதுதான் வேண்டாங்க. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். ஒரே டைவ்னா 12 மணி நேரம், பல டைவ் பண்ணியிருந்தா 18 மணி நேரமாவது கழிச்சுதான் ஃபிளைட் ஏறணும்னு சொல்லித் தருவாங்கல்ல, இந்த மலைக்கும் அதே கணக்குதான். தண்ணிக்கடியில உடம்புல கரைஞ்ச நைட்ரஜன், மேல போகப் போக அழுத்தம் குறைஞ்சு குமிழா மாறும்.

ஏறியாச்சு, ராத்திரி தோள்பட்டையிலயோ முழங்கையிலயோ உள்ளுக்குள்ள குடையுது, கை கால் மரமரங்குது, தலை சுத்துது, தோல்ல திட்டுத் திட்டா செவக்குதுன்னா பனி ஒத்துக்கலன்னு தைலம் தேச்சுப் படுக்க வெச்சிடாதீங்க. டைவ் பண்ணி ஒரு நாளைக்குள்ள இதுல எது வந்தாலும் பெண்ட்ஸ்னே, அதாவது அந்த நைட்ரஜன் குமிழால வர்ற நோய்னே வெச்சுக்கங்க. கால்ல பலம் போறது, ஒண்ணுக்கு வராம அடைக்கிறது எல்லாம் ரொம்ப சீரியஸ். உடனே 108க்கு போன் போட்டு, டைவ் பண்ணிட்டு வந்தவருன்னு மொத வார்த்தையிலயே சொல்லுங்க.

ஆக்சிஜன் முடிஞ்ச வரைக்கும் சுத்தமா, 100 சதவீதத்துக்குப் பக்கமா போகணும். மூக்குல சொருகுற டியூப்ல 40 சதவீதம் தாண்டுறதே கஷ்டம், அதனால பை வெச்ச நான்-ரீப்ரீதர் மாஸ்க் வேணும். சிலிண்டர் வால்வை மெதுவா திறந்து ஆக்சிஜன் போற வேகத்தைக் காட்டுற ஃப்ளோமீட்டர்ல குண்டு நிமிஷத்துக்கு 15 லிட்டர்ல நிக்கிற மாதிரி வைங்க. மாஸ்க்குக்குள்ள பை ஆரம்பிக்கிற ஓட்டையை விரலால அடைச்சுப் பிடிச்சா பை உப்பும், முழுசா உப்பின பிறகு மூக்கு வாய் ரெண்டையும் மூடி மாட்டி, மூக்குத் தகட்டை அமுக்கி விடுங்க. மூச்சு இழுக்கும்போது பை லேசா சுருங்கலாம், ஒட்டிப் போச்சுன்னா ஃப்ளோ பத்தலைன்னு அர்த்தம். எண்ணெய், தைலம் பட்ட கையால வால்வைத் தொடாதீங்க, பக்கத்துல பீடி சிகரெட் கூடாது, தீப்பிடிச்சுடும். கொரோனா சமயத்துல வாங்கி வெச்ச 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் இதுக்குப் பத்தாது, வேற எதுவும் கிடைக்கலைன்னா அதையாவது மாட்டுங்க.

நிறைய பேர் ஏமாறுற இடம் ஆக்ஸிமீட்டர்தான். விரல்ல மாட்டிப் பாத்தா 98 காட்டும், அப்புறம் எதுக்கு ஆக்சிஜன்னு யாராவது கழட்டச் சொல்லுவாங்க. நாம குடுக்கிறது ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சதுக்காக இல்லைங்க, நைட்ரஜனை நுரையீரல் வழியா வெளிய தள்ளுறதுக்கு. அரை மணி நேரத்துல வலி போயிடுச்சு, எனக்கு நல்லாருக்குன்னு அவரே சொன்னாலும் கழட்டாதீங்க, திரும்ப வரும். டாக்டர் சொல்ற வரைக்கும் மாஸ்க் மூஞ்சியிலயே இருக்கட்டும்.

மல்லாக்கப் படுக்க வைங்க, நினைவு இல்லைன்னா ஒருக்களிச்சு. காலைத் தூக்கி வெச்சுத் தலையை இறக்குறது பழைய பழக்கம், வேண்டாம். நல்ல நினைவோட, வாந்தி இல்லாம இருந்தா தண்ணியோ ஓஆர்எஸ்ஸோ கொஞ்சம் கொஞ்சமா குடுக்கலாம், சரக்கு கூடவே கூடாது.

பி டைப் சிலிண்டர்ல சுமார் 1500 லிட்டர், 15 லிட்டர் ஃப்ளோவுல 100 நிமிஷம் வரும், அதுவும் ஃபுல்லா இருந்தா. கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி சேலம் ஜிஹெச் போய்ச் சேர அது போதும், ஆனா கெளம்புறதுக்கு முன்னாடி கேஜைப் பாருங்க. கார்ல போனா கண்ணாடியை இறக்கி விடுங்க. கீழ இறங்குறதால நோய் தீராது, ஏறினதால கூடினது குறையும்.

முழு வைத்தியம் ரீகம்ப்ரஷன் சேம்பர்ல, அதாவது காத்தழுத்தத்தை ஏத்தி வைக்கிற மூடுன அறையில வெச்சுத்தான். இங்க ஒரு முக்கியமான விஷயம், நம்மாளுங்க பெரிய வைத்தியம்னாலே பெங்களூருக்குத்தான் வண்டியை விடுவாங்க, ஆனா அது 900 மீட்டர் உயரம், திரும்பவும் ஏத்தம். சென்னைப் பக்கம்னா ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியா இறக்கமாவே போயிடலாம், இதை டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. டைவ் பண்றவங்களுக்கு ஆபத்துல உதவுற டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்குங்கிற அமைப்போட அவசர நம்பர் +1-919-684-9111, எந்நேரமும் எடுப்பாங்க, டாக்டரையே பேச வைங்க. எத்தனை மீட்டர், எத்தனை டைவ், எப்ப மேல வந்தாரு, எப்ப மலை ஏறுனாரு, ஆக்சிஜன் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி, ஆழமும் நேரமும் பதியுற டைவ் கம்ப்யூட்டர் இருந்தா அதையும் சேத்து ஆம்புலன்ஸ்ல குடுத்து அனுப்புங்க.