ஜாயிண்ட் நோட்டில் கையெழுத்துப் போடும் முன்

ரயில் தடம்புரண்டால், அந்த இடத்துக்கு வந்து சேரும் சூப்பர்வைசர்கள் கூடி நின்று எழுதித் தருவதுதான் ஜாயிண்ட் நோட். தண்டவாளம் பார்ப்பவர், வேகன் பார்ப்பவர், லோகோ ஆள், ட்ராஃபிக் இன்ஸ்பெக்டர், சிக்னல் ஆள் என்று துறைக்கு ஒருவர். பிறகு எத்தனை பெரிய அதிகாரி விசாரித்தாலும் அன்று எடுத்த அளவுகளை நம்பித்தான் விசாரிக்க வேண்டும். நான் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் ஃபோனில் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. சிக்னல் பக்கம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களைக் காப்பாற்றுவது முதல் வேலை. அதில் பேச்சே இல்லை. அதற்கு அப்புறம் ஒரே ஒரு விதி: எது சீக்கிரம் அழியுமோ அதை முதலில் எடுங்கள். பாதையைத் திறக்கச் சொல்லி மேலே இருந்து நெருக்குவார்கள். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் பாஹாநகா பஜார் நிலையத்தில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதியதில் 290க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவ்வளவு பெரிய விபத்திலேயே 51 மணி நேரத்தில் தண்டவாளத்தில் வண்டி ஓடியது. கிரேன் வந்து தண்டவாளத்தை வெட்ட ஆரம்பித்துவிட்டால் உங்கள் தடயம் அவ்வளவுதான்.

நான் எப்போதும் கடிகாரத்தில் இருந்துதான் ஆரம்பிப்பேன். ஸ்டேஷன் மாஸ்டர் மேஜைக் கடிகாரம் ஒரு நேரம் காட்டும், சிக்னல் மாற்றங்களை நேரத்தோடு பதியும் டேட்டா லாக்கர் ஒரு நேரம், லோகோவின் வேகப் பதிவுக் கருவி இன்னொரு நேரம், கன்ட்ரோல் ஆபீஸ் சார்ட் வேறொரு நேரம். ஒவ்வொன்றையும் உங்கள் செல்ஃபோன் நேரத்தோடு சேர்த்துப் படம் எடுத்து, எது எத்தனை விநாடி முந்தி, எது பிந்தி என்று அங்கேயே எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் "சிக்னல் விழுந்த பிறகு வண்டி வந்ததா, வண்டி வந்த பிறகு சிக்னல் விழுந்ததா" என்று மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து சண்டை போட வேண்டியதுதான். லோகோ காட்டும் வேகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சக்கரம் சுற்றுவதை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. கருவியில் பதிந்திருக்கும் சக்கர விட்டமும் உண்மையில் தேய்ந்து நிற்கும் சக்கரத்தின் விட்டமும் ஒன்றா என்று அளந்து பாருங்கள்.

அடுத்து பேனல், அதாவது ஸ்டேஷன் மாஸ்டர் சிக்னல்களை இயக்கும் பலகை. எதையும் தொடாமல் நாப்கள் (திருப்பும் குமிழ்கள்) இருக்கும் நிலையைப் படம் எடுங்கள். வண்டிக்குப் போட்டு வைத்த ரூட்டை அவசரமாக ரத்து செய்தால் ஓர் எண் கூடும் கவுண்டர்கள் பேனலில் இருக்கும். அந்த எண்களையும் ரிஜிஸ்டரில் கடைசியாக எழுதியிருக்கும் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிஜிஸ்டரில் இல்லாத ஓர் எண் கவுண்டரில் இருந்தால், பாதி விசாரணை முடிந்த மாதிரி. பாதை மாற்றும் பாயிண்டைக் கையால் சுற்றித் திருப்ப வைத்திருக்கும் கிராங்க் ஹேண்டில் பெட்டியின் சீல் உடைந்திருக்கிறதா? சிக்னல்களை இயக்கும் ரிலேக்கள் இருக்கும் ரிலே ரூம் சாவி யாரிடம் இருந்தது? டேட்டா லாக்கரை எல்லாத் துறையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டவுன்லோடு செய்து சீல் வையுங்கள். ரிலே ரூமுக்குள் மட்டும் தனியாகப் போகவே போகாதீர்கள். உங்கள் மேல் தப்பே இல்லாவிட்டாலும் "உள்ளே போய் எதையோ மாற்றிவிட்டான்" என்ற பேச்சு வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு வரும்.

வண்டியை ஒரு பாதையில் இருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்டுக்குப் போனால் முதலில் கண்ணால் பாருங்கள். எந்தப் பக்கம் செட் ஆகி நிற்கிறது, நகரும் நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி நிற்கிறதா, நுனியில் சக்கரம் அடித்த தழும்பு உண்டா, இடையில் ஜல்லி சிக்கியிருக்கிறதா. 5 மில்லிமீட்டர் தகட்டை அந்த இரண்டுக்கும் இடையில், நுனியில் இருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் பாயிண்ட் லாக் ஆகக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. ஆனால் அன்றைக்கு அதைக் கூட்டாகத்தான் செய்ய வேண்டும், அதுவும் படங்கள் எல்லாம் எடுத்து முடித்த பிறகு. பாயிண்டை ஒருமுறை ஓட்டிவிட்டால் பழைய நிலை திரும்பி வராது.

தண்டவாளத்துக்காரருடைய வேலையையும் கூட நின்று பாருங்கள். அதிகம் நொறுங்கிக் கிடக்கும் பெட்டியைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். நீங்கள் பின்னால் நடந்து போய், முதலில் இறங்கிய சக்கரம் எது என்று தேடுங்கள். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் தலை மேல் ஏறி ஓடியிருந்தால் அங்கே நீளமாக ஒரு கீறல் இருக்கும். அது முடியும் இடத்தில் சக்கரம் வெளியே விழுந்திருக்கும். ஏறிய கீறலே இல்லாமல் சக்கரம் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே விழுந்திருந்தால், கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே உள்ள தூரம், அகன்றதா என்ற கேள்வி வரும். அகலப்பாதைக்கு 1676 மில்லிமீட்டர் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று அந்த ஸ்லீப்பரில் எவ்வளவு இருந்தது என்பதுதான் தேவை. டேப் வைக்கும்போது எண்ணை உங்கள் கண்ணால் படியுங்கள், ஒருவர் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள். மழை வருகிற மாதிரி இருந்தால் கீறலைத்தான் முதலில் படம் எடுக்க வேண்டும். ஒரே இரவில் துரு ஏறிவிடும்.

மனிதர்களின் நினைவும் இப்படித்தான் அழியும். லோகோ பைலட், கேட்மேன், ஸ்டேஷன் மாஸ்டர் மூவரையும் ஒரே அறையில் டீ கொடுத்து உட்கார வைத்தால் மாலைக்குள் மூவரும் ஒரே கதையைச் சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, பேசிப் பேசி அப்படி ஆகிவிடும். தனித்தனியாக, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "ஏன் பிரேக் போடவில்லை" என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். "ஹோம் சிக்னல் கண்ணில் பட்டதில் இருந்து சொல்லுங்க" என்று விட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஹோம் சிக்னல் என்பது நிலையத்துக்குள் நுழையும் முன் வரும் சிக்னல்.

பதிவுகள் அழிவது நம் ரயிலில் மட்டும் இல்லை. 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில், கதவுக்கான திறப்பை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. அதன் காக்பிட் ஒலிப்பதிவுக் கருவி கடைசி 2 மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும் வகை. கருவியின் மின்சாரத்தை நேரத்தோடு யாரும் நிறுத்தாததால், அந்த நேரத்துப் பேச்சு முழுக்க அழிந்துபோனது. கப்பல்களிலும் இதே கதைதான். பழைய பயணப் பதிவுக் கருவிகளில் 12 மணி நேரம்தான் தங்கும். விபத்துக்குப் பிறகு பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறையில்) இருப்பவர் சேமிக்கும் பட்டனை அழுத்தினாரா என்பது அங்கே பெரிய கேள்வி.

பாஹாநகாவுக்கு வருகிறேன். சிக்னல்காரன் ஒவ்வொருவனும் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். ஹோம் சிக்னல் மெயின் லைனுக்குப் பச்சை காட்டியது, 17ஆம் எண் பாயிண்டோ வண்டிகள் ஒதுங்கி நிற்கும் லூப் லைனுக்குத் திரும்பி நின்றது. 94ஆம் எண் லெவல் கிராசிங் கேட்டில் பேரியர் மாற்றும் வேலையின்போதும், அதற்குப் பல வருடம் முன்பும் சர்க்யூட்டில் நடந்த தவறுகள்தான் காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் எழுதினார். தண்டவாளத்தின் ஓரம் ஒயர்கள் இணையும் லொகேஷன் பாக்ஸில் ஒயர்களின் லேபிள் தப்பாக இருந்தது வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை. பாஹாநகா இருக்கும் அதே கரக்பூர் டிவிஷனில் 2022 மே 16 அன்று தப்பான ஒயரிங்கால் இதே மாதிரி ஒன்று நடந்து, உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பித்திருந்தார்கள். அதனால் ஒயரைச் சோதிக்கும்போது லேபிளை நம்பாதீர்கள். வரைபடத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு நுனிக்கு நுனி கன்டின்யூட்டி, அதாவது எந்த ஒயர் எங்கே போய்ச் சேருகிறது என்று, பாருங்கள். 2024 மார்ச் 26 அன்று பால்டிமோர் பாலத்தில் மோதிய டாலி கப்பல் விஷயத்திலும் அமெரிக்க விசாரணைக்காரர்கள் கடைசியில் போய் நின்றது ஓர் ஒயர் லேபிளில்தான். லேபிள் பட்டை இடித்ததால் ஒயர் டெர்மினலுக்குள் முழுதாக உட்காரவில்லை. தொடர்பு விட்டுப்போய்க் கப்பலே இருண்டது, பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள்.

இப்போது எழுதும் நேரம். விமான விசாரணைக்கு உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதியில், நோக்கம் தடுப்பதுதான், யார் மேலும் பழி போடுவது இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நம் ரயிலில் பொறுப்பு யாருடையது என்றும் எழுதியாக வேண்டும். அதனால்தான் ஜாயிண்ட் நோட் துறைச் சண்டையாக மாறுகிறது. நான்கு பேர் சேர்ந்து "சிக்னல் கோளாறு" என்று ஒரு வரி எழுதி நீட்டுவார்கள், விடியற்காலை, பசி வேறு. அளவுகள் சரி என்றால் அளவுகளுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். காரணத்தில் ஒப்புதல் இல்லை என்றால் மறுப்புக் குறிப்பை அதே இடத்தில், அதே தேதியில் எழுதிக் கொடுங்கள். கோபமாக எழுதாதீர்கள். எந்த அளவு அந்தக் காரணத்தோடு ஒத்துப்போகவில்லை என்று இரண்டு வரி போதும்.

பயணி இறந்தாலோ படுகாயம் அடைந்தாலோ, ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வருவார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் ஆள் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். விசாரணை நாளும் இடமும் பத்திரிகையில் வரும். வண்டியில் வந்த பயணிகளும் நேரில் போய்ச் சொல்லலாம், கடிதமும் எழுதலாம். ஊழியரான உங்களைக் கூப்பிட்டால், உங்கள் குறிப்பு நோட்டையும் படங்களின் மூலக் கோப்புகளையும் கொண்டுபோங்கள். வாட்ஸப்பில் அனுப்பித் திரும்ப வாங்கிய படத்தில் எடுத்த நேரம் இருக்காது.