சங்கத்துக் காசு உங்கட பேர்ல கிடக்கா? முதல்ல இதச் செய்ங்க

மட்டக்களப்புல நாலு பேர் சேர்ந்தா ஒரு சங்கம்தான். வெள்ளத்துக்கு சோறு சமைச்சுக் குடுக்கத் தொடங்கின வாட்ஸ்அப் குரூப், மறுகா புள்ளைகளுக்கு கொப்பி குடுக்கிற சங்கமாகிரும், சுவிஸ்ல இருக்கிற மச்சான் காசு போடுவார், அது பொருளாளர்ர சொந்த பேங்க் புக்ல போய் விழும். நாங்களும் அப்படித்தான் ஓடினம். ஒரு நாள் அவர் திடீரெண்டு தவறிட்டார், பேங்குக்குப் போனா "இது அவர்ர காசு, வாரிசுகளோட கதைங்க" எண்டுட்டாங்க. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடியாத வீட்டுல போய் நிண்டு அவர்ர மனுசி அக்காட்ட காசு கேட்டம்.

முதல் வேலை யாப்பு, அதான் சங்கத்துட சட்டதிட்டம். நோக்கம், அங்கத்தவர் ஆர், எத்தனை பேர் வந்தா கூட்டம் செல்லும், சங்கம் கலைஞ்சா மிச்சக் காசு எங்க போகும். கடைசி ஒண்டத்தான் எல்லாரும் விட்டுருவாங்க, சண்டை வாறதும் அதுலதான். வேற சங்கத்துட யாப்புல பேர மட்டும் மாத்தாதீங்க, நான் பார்த்த ஒரு கல்விச் சங்க யாப்புல கிரிக்கெட் பிச் பராமரிப்பு கிடந்துச்சு!

மறுகா பதிவு. 1980 ஆம் ஆண்டு 31 ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ சமூக சேவை அமைப்புகளுக்கானது. ஒரு பிரதேசத்துக்குள்ள மட்டும் வேலை எண்டா டீஎஸ் ஆபீஸ் (பிரதேச செயலகம்), மாவட்டம் முழுக்க எண்டா கச்சேரி (மாவட்ட செயலகம்), நாடு முழுக்க எண்டா என்ஜீஓ செயலகம் (அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம்). 1998 திருத்தத்துக்குப் பிறகு, மோசடி எண்டு விசாரணைல பிடிபட்டா இடைக்கால நிர்வாகம் போடவும் வழி இருக்கு.

பேங்க் கணக்குக்கு கூட்டத்துல தீர்மானம் வேணும். கூட்ட அறிக்கை எழுதுற சீஆர் கொப்பில (கட்டி மட்டைக் கொப்பி) இப்படி எழுதுங்க: "இன்ன திகதி கூடிய நிர்வாக சபை, சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்கவும், பொருளாளருடன் தலைவர் அல்லது செயலாளர் சேர்ந்து கையெழுத்திடவும் தீர்மானித்தது." கீழ முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பேர். பக்கத்துக்கு இலக்கம் போடுங்க, தாள் கிழிக்கவே கூடாது.

ஆராவது காணி தாறன் எண்டா வாய்ப்பேச்ச நம்பாதீங்க, நொத்தாரிஸ் முன்னால உறுதி முடிக்கணும். அந்தக் காணிய நம்பிக்கைப் பொறுப்பா, அதாவது மத்தவங்கட நன்மைக்காகப் பார்க்கிற டிரஸ்டா ஏத்தா, 1917 ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் உங்களப் பிடிக்கும். அந்தச் சொத்த சொந்தச் சொத்தோட கலக்கக் கூடாது, அதுல லாபம் பார்க்கக் கூடாது, கணக்கு வச்சிருக்கணும். திருவிழா முடிய கோயில நிர்வகிக்கிற வண்ணக்கர்ட்ட நம்ம கணக்கு கேக்கிறமே, அதேதான். மற்ற பொறுப்பாளர் செஞ்ச பிழை தெரிஞ்சும் மூடி மறைச்சா நீங்களும் மாட்டுவீங்க.

லோயர்ட்ட போறதெண்டா யாப்பு, கூட்ட அறிக்கை, பேங்க் ஸ்டேட்மெண்ட் மூண்டையும் திகதிப்படி அடுக்கிட்டுப் போங்க, இல்லாட்டி முதல் நாள் முழுக்க கதை சொல்லியே போயிரும்.

இப்ப உங்கட புக்ல கிடக்கிற காச கையில எடுத்துக் குடுக்காதீங்க, புதுக் கணக்குக்கு பேங்க் மூலமே மாத்தி, ஸ்லிப்ப கொப்பில ஒட்டுங்க. சுவிஸ் மச்சானுக்கும் புது நம்பர இண்டைக்கே அனுப்புங்க.