ஃபென்ஸ் போட ஜோனிங் அப்ரூவல் கேக்கறப்போ நிறைய பேர் பண்ற தப்புகள்

அமெரிக்காவுல வீடு வாங்கி குடி போன கொஞ்ச நாள்லயே பேக்யார்டுக்கு ஃபென்ஸ் போடணும்னு தோணும், குழந்தைங்க விளையாடறப்போ ரோட்டுக்கு ஓடிடக் கூடாதுன்னோ நாய் வளக்கணும்னோ ஏதோ ஒரு காரணம் இருக்கும். உடனே சீடர் வுட்டா, வினைலா, அலுமினியமா, வெள்ளையா, பிரவுனான்னு வாரக்கணக்குல பேசிட்டு இருப்பாங்க. ஆனா ஜோனிங் ஆபீஸ்ல, அதாவது எந்த நிலத்துல எங்க என்ன கட்டலாம்ங்கற ஊர் சட்டத்த பாத்துக்கற ஆபீஸ்ல, அப்ளிகேஷன பாக்கறவர் இதெல்லாம் கடைசியாதான் பாப்பார். அவருக்கு முதல்ல தெரிய வேண்டியது ஃபென்ஸ் எந்த இடத்துல நிக்கப் போகுது, உங்க லைன்ல (அதாவது நிலத்தோட எல்லைக் கோட்டுல) இருந்து எத்தன அடி, ரோட்டுல இருந்து எத்தன அடி, அவ்வளவுதான். திருப்பி அனுப்பற அப்ளிகேஷன்ல பெரும்பாலானது இந்த "எங்க" அப்படிங்கற கேள்விக்கு ஒழுங்கா பதில் இல்லாததாலதான் திரும்பி வருது, அதனால மெட்டீரியல் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி இடத்த பத்தி யோசிங்க.

முதல் தப்பு, தப்பான ஆபீஸுக்குப் போறது. கேக்க சின்ன விஷயமா இருக்கும் ஆனா நெஜமாவே நடக்குது. உங்க மெயிலிங் அட்ரஸ்ல இருக்கற ஊர் பேரு போஸ்ட் ஆபீஸ் வெச்ச பேரு, நீங்க இருக்கற இடம் வேற டவுன்ஷிப்பா இருக்கலாம், இல்ல எந்த சிட்டி லிமிட்டுக்குள்ளயும் வராம நேரா கவுண்டிக்கு கீழ இருக்கலாம். ப்ராபர்ட்டி டேக்ஸ் பில்ல எடுத்துப் பாத்தா எந்த முனிசிபாலிட்டிக்கு வரி போகுதுன்னு இருக்கும், அவங்கதான் பெரும்பாலும் உங்க ஜோனிங் ஆபீஸ். ஹூஸ்டன் மாதிரி ஜோனிங் சட்டமே இல்லாத சிட்டியும் இருக்கு, அங்க கூட டீட் ரெஸ்ட்ரிக்ஷன்னு வீட்டுப் பத்திரத்தோட ஒட்டி வர்ற கட்டுப்பாடு இருக்கும், அதனால ஜோனிங் இல்லன்னதும் இஷ்டத்துக்குப் போடலாம்னு அர்த்தம் இல்ல.

அடுத்தது "ஆறு அடி ஃபென்ஸுக்கு பர்மிட்டே வேண்டாம் சார்"ன்னு கான்ட்ராக்டர் சொல்றத அப்படியே நம்பறது. அவர் சொல்றதுல பாதி உண்மை இருக்கு. வீடுகளுக்கான மாடல் பில்டிங் கோட்ல 7 அடிக்கு மேல போகாத ஃபென்ஸுக்கு பில்டிங் பர்மிட் தேவையில்லன்னு இருக்கு, நிறைய ஊர்ல அத அப்படியே எடுத்துக்கறாங்க, சில ஊர்ல மாத்தி வெச்சிருக்காங்க. ஆனா பில்டிங் பர்மிட் வேற, ஜோனிங் வேற. பில்டிங் பர்மிட் வேண்டாம்னா கூட உயரம், செட்பேக் (எல்லையில இருந்து விட வேண்டிய தூரம்), எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்ங்கற ஜோனிங் ரூல் அப்படியே இருக்கும், பல ஊர்ல அதுக்குன்னு தனியா ஒரு ஜோனிங் பர்மிட் வாங்கணும். நாளைக்கு நோட்டீஸ் வந்தா அது வர்றது வீட்டு ஓனர் பேருக்குத்தான். கான்ட்ராக்டரே பர்மிட் எடுத்துத் தர்றேன்னு சொன்னா நல்லதுதான், அத கான்ட்ராக்ட்ல எழுதி வாங்கிக்கங்க, அப்ரூவல் பேப்பர கண்ணால பாக்கற வரைக்கும் குழி தோண்ட விடாதீங்க.

இப்போ லைன் விஷயத்துக்கு வரேன், பணமும் மனஸ்தாபமும் அதிகமா போறது இங்கதான். கவுண்டி வெப்சைட்ல ஜிஐஎஸ் மேப் திறந்தா உங்க லாட் (மனை) மேல அழகா கோடு போட்டுக் காட்டும், பலர் அதப் பாத்து அளந்துட்டு இதான் என் லைன்னு முடிவு பண்ணிடறாங்க. அந்தக் கோடு வரி போடற வசதிக்காக வரைஞ்சது, சேட்டிலைட் போட்டோ மேல பல அடி தள்ளி விழலாம், அந்த வெப்சைட்லயே இத எல்லைக்கு ஆதாரமா எடுத்துக்காதீங்கன்னு எழுதியிருப்பாங்க. அதே மாதிரி லோன் க்ளோஸிங் அப்போ கொடுத்த வரைபடத்தயும் சர்வேன்னு நினைச்சிடறாங்க. சில மாநிலத்துல அது முழு சர்வேயா இருக்கும், சில இடத்துல வெறும் லொகேஷன் டிராயிங், வீடு லாட்டுக்குள்ள இருக்குன்னு பேங்குக்குக் காட்டறதுக்கு மட்டும் போட்டது. மேரிலாண்ட்ல இந்த மாதிரி டிராயிங்ல ஃபென்ஸ் போடறதுக்கு இத நம்பக் கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கும். உங்க பேப்பர எடுத்து ஓரத்துல பொடி எழுத்துல இருக்கற நோட்ட ஒருதடவ படிங்க.

நெஜமான ஆதாரம் மண்ணுக்குள்ள இருக்கு. சர்வேயர் லாட்டோட மூலையில ஒரு இரும்புக் கம்பி அடிச்சிருப்பார், பெரும்பாலும் ரீபார் துண்டு, அது தலையில ஒரு பிளாஸ்டிக் மூடி, அதுல அவரோட லைசென்ஸ் நம்பர் இருக்கும். வருஷக்கணக்கா புல்லும் மண்ணும் ஏறி சில இஞ்ச் கீழ போயிருக்கும், பிளாட்ல, அதாவது பதிவான மனை வரைபடத்துல, இருக்கற அளவ டேப் வெச்சுப் பிடிச்சு அந்த இடத்துல மெட்டல் டிடெக்டர் ஓட்டினா பல வீட்டுல கிடைச்சிடும். கிடைச்சா பக்கத்துல ஒரு கொடி நட்டு வெச்சிடுங்க, ஆனா கம்பிய பிடுங்கவோ நகத்தவோ கூடாது, அது சட்டப்படி குற்றம். கிடைக்கலன்னா, இல்ல பக்கத்து வீட்டுக்காரர் வேற இடம் சொல்றார்னா, யோசிக்காம லைசென்ஸ் உள்ள சர்வேயர கூப்பிடுங்க. சில நூறு டாலர்ல ஆரம்பிச்சு ஆயிரத்துக்கு மேலயும் போகும்தான், ஆனா முழு ஃபென்ஸையும் பிடுங்கி ஒரு அடி உள்ள தள்ளி நடற செலவோட வெச்சுப் பாத்தா இது ஒண்ணுமே இல்ல.

முன்பக்கத்துல இன்னொரு ஏமாத்தம் இருக்கு. ரோடு ஓரம் கர்ப் (ரோட்டோட விளிம்புக் கட்டை) வரைக்கும் நம்ம எடம்னு நினைப்போம், புல் வெட்டறதும் நாமதானே. ஆனா சைட்வாக்கும் அதுக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற புல்லும் பெரும்பாலும் ரைட் ஆஃப் வே, அது பொது வழிக்கான இடம், ஊரோட கட்டுப்பாட்டுல இருக்கும், சில இடத்துல சைட்வாக்குக்கு இந்தப் பக்கம் கூட சில அடி அதுல சேரும். செட்பேக்க கர்ப்ல இருந்து அளந்து டிராயிங்ல போட்டா கணக்கு மொத்தமும் தப்பாயிடும், லாட் லைன்ல இருந்துதான் அளக்கணும்.

கார்னர் லாட்காரங்க தனியா கவனிங்க. ரெண்டு ரோடு பாத்த வீடுன்னா பல ஊர் சட்டத்துல உங்களுக்கு ரெண்டு ஃபிரன்ட் யார்டு. வீட்டுக்குள்ள இருந்து பாத்தா அது சைடு, பேப்பர்ல அது ஃபிரன்ட், அதனால ஆறு அடி பிரைவசி ஃபென்ஸ் அங்க வராது, நாலு அடியோ மூணு அடியோதான் விடுவாங்க, அதுலயும் சில ஊர்ல பாதி திறந்த மாதிரி பிக்கெட்தான் இருக்கணும்பாங்க. மூலையில சைட் ட்ரையாங்கிள்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு ரோடும் சேர்ற இடத்துல இருந்து ரெண்டு பக்கமும் இத்தன அடின்னு அளந்து கோடு சேத்தா வர்ற முக்கோணம், அதுக்குள்ள வண்டி ஓட்டறவங்க பார்வைய மறைக்கற எதுவும் கூடாது. டிரைவ்வே சைட்வாக்க தொடற இடத்துலயும் சில ஊர்ல இதே ரூல் உண்டு. இத மட்டும் யாரும் வளைஞ்சு கொடுக்க மாட்டாங்க, கொடுக்கவும் கூடாது, சைக்கிள்ல வர்ற ஒரு குழந்தைய கார்ல இருந்து பாக்க முடியுமாங்கறதுதான் அந்த ரூலோட அர்த்தமே.

உயரத்துக்கு ஃபிரன்ட்ல 4 அடி, பின்னாடி 6 அடிங்கறது ரொம்ப இடத்துல இருக்கற அளவு, ஆனா உங்க ஊர் கோட பாக்காம அதயே எழுதிடாதீங்க. ஆறு அடி பேனல் வாங்கி மேல ஒரு அடி லாட்டிஸ் (குறுக்கும் நெடுக்குமா பின்னின தட்டி) வெச்சா பல இடத்துல அது ஏழு அடிதான். சரிவான லாட்டுன்னா எங்க இருந்து அளக்கறாங்கன்னு கேளுங்க, ரிட்டெய்னிங் வால் மேல ஃபென்ஸ் வெச்சா சுவரையும் சேத்து அளக்கற ஊர் இருக்கு. நல்ல பக்கம் வெளியில தெரியணும்ங்கற ரூலும் பரவலா இருக்கு, அதாவது போஸ்ட்டும் குறுக்குக் கட்டையும் உங்க பக்கம், பலகை பக்கத்து வீட்டுப் பக்கம்.

ஈஸ்மென்ட்ட பாக்காம போஸ்ட் நடறது இன்னொரு பெரிய தப்பு. பிளாட்ல லாட்டுக்குள்ளயே ஓரமா புள்ளிக்கோடு போட்டு யுடிலிட்டி, ட்ரெயினேஜ்னு எழுதியிருக்கும், இடம் உங்களோடதுதான் ஆனா அதுக்குள்ள வந்து தோண்டற உரிமை அவங்களுக்கு இருக்கு. சில ஊர்ல அதுக்குள்ள ஃபென்ஸே கூடாது, சில ஊர்ல ஒரு அக்ரிமென்ட் கையெழுத்து போட்டுட்டு போடலாம், ஆனா நாளைக்கு பைப் ரிப்பேருக்கு பிரிச்சுப் போட்டா திரும்பக் கட்டிக் கொடுக்க மாட்டாங்க. ட்ரெயினேஜ் ஈஸ்மென்ட் இன்னும் கவனம். ரெண்டு வீட்டுக்கு நடுவுல லேசா பள்ளமா ஸ்வேல் ஓடும், அதுக்குக் குறுக்க பலகைய தரை வரைக்கும் இறக்கிட்டா மழைத் தண்ணி தேங்கி பக்கத்து வீட்டு பேஸ்மென்ட் பக்கம் திரும்பிடும். வெள்ள அபாய ஜோன்ல இருக்கற லாட்டுன்னா ஃப்ளட்ப்ளெயின் பர்மிட்டும் தனியா கேப்பாங்க.

ஹெச்ஓஏ, அதாவது வீட்டு ஓனர்கள் சங்கம், இருக்கற கம்யூனிட்டில சங்கத்தோடது, ஊரோடதுன்னு ரெண்டு அப்ரூவலும் வேணும், ஒண்ணு கிடைச்சா இன்னொண்ணு கிடைச்ச மாதிரி இல்ல. சிட்டி ஆறு அடி ஓகேன்னு சொல்லும், ஹெச்ஓஏ நாலு அடி கருப்பு அலுமினியம் மட்டும்தான்னு சொல்லும், எது கடுமையோ அதத்தான் நீங்க ஃபாலோ பண்ணணும். முதல்ல ஹெச்ஓஏ லெட்டர வாங்கிட்டு அப்புறம் ஊருக்கு அப்ளை பண்றது நல்லது, சில ஊர்ல அந்த லெட்டரையும் சேத்துக் கேக்கறாங்க.

பக்கத்து வீட்டுக்காரங்க கிட்ட சொல்லாம செய்யறத நான் பெரிய தப்பாவே நினைக்கறேன், சட்டம் கேட்டாலும் கேக்காட்டியும். கலிஃபோர்னியால 2014 ஜனவரில இருந்து இருக்கற சட்டப்படி எல்லை ஃபென்ஸோட செலவுல அவங்களும் பங்கு தரணும்னு நீங்க எதிர்பாத்தா 30 நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும். மத்த இடத்துல இப்படி ரூல் இல்லன்னாலும் கையில டிராயிங் எடுத்துட்டுப் போய் "இங்கதான் போடப் போறோம், பாத்துக்கங்க"ன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஊருக்குப் போற கம்ப்ளெயின்ட்ல நிறைய முன்னாடியே சொல்லாததாலதான் வருது. கோபத்துல உயரமா போட்டு மறைக்கறதும் எடுபடாது, மாசசூசெட்ஸ்ல 6 அடிக்கு மேல தேவையில்லாம, பக்கத்து வீட்டுக்காரர தொல்லை பண்ணணும்னே கட்டின ஃபென்ஸ் மேல கேஸ் போட சட்டமே இருக்கு.

ரூலுக்குள்ள வரலன்னா வேரியன்ஸ், அதாவது ரூல்ல இருந்து விலக்கு, கேக்கலாம், அதுக்கு ஜோனிங் போர்டு முன்னாடி பொது ஹியரிங், பக்கத்து வீடுகளுக்கு நோட்டீஸ், ஃபீஸ். கிடைக்கலன்னாலும் அந்த ஃபீஸ் பொதுவா திரும்பி வராது. இங்க எல்லாரும் எனக்கு பிரைவசி வேணும், என் நாய் தாண்டிடும்னு பேசுவாங்க, போர்டுக்கு அது காரணமே இல்ல. அவங்க பாக்கறது உங்க நிலத்துல என்ன பிரச்சனைன்னு. வித்தியாசமான ஷேப், செங்குத்தான சரிவு, பேக்யார்டே இல்லாத கார்னர் லாட், இப்படி மத்த லாட்டுக்கு இல்லாத ஒண்ண போட்டோவோட அளவோட காட்டணும். ஃபென்ஸ போட்டுட்டு அப்புறமா வேரியன்ஸ் கேக்கறது ரொம்ப மோசமான நிலைமை, நீங்களே உண்டாக்கிக்கிட்ட கஷ்டம்னு சொல்லி தள்ளிடுவாங்க, செலவு பண்ணிட்டேங்கறது அங்க வாதமா நிக்காது.

பழைய ஃபென்ஸ் இருந்த இடத்துலதானே புதுசு போடறேன்னு அப்ரூவல் இல்லாம ஆரம்பிக்கறவங்களும் உண்டு. பழைய ஃபென்ஸ், ரூல் வர்றதுக்கு முன்னாடி போட்டதா இருக்கலாம், நிக்கற வரைக்கும் விடுவாங்க, முழுசா பிடுங்கின உடனே அந்த சலுகை போயிடும், புதுசு இன்னைக்கு ரூல்படிதான் வரணும். அதோட பழைய ஃபென்ஸ் சரியான லைன்லதான் நின்னுச்சுன்னும் எந்த உத்தரவாதமும் இல்ல.

ஸ்விம்மிங் பூல் இருந்தா இது வேற கணக்கு, உயிர் விஷயம். மாடல் கோட்ல பூலச் சுத்தி குறைஞ்சது 48 இஞ்ச் உயரம், 4 இஞ்ச் உருண்டை நுழையற அளவுக்குக் கூட இடைவெளி கூடாது, கேட் பூலுக்கு வெளிப்பக்கம் திறக்கணும், தானா மூடி தானா பூட்டிக்கணும். உங்க ஊர்ல இத விட கடுமையாவும் இருக்கலாம், அப்ளிகேஷன்ல பூல் இருக்கறத எழுதாம மட்டும் விட்டுடாதீங்க.

அப்ளிகேஷனோட வைக்கற டிராயிங் ஒண்ணும் ஆர்க்கிடெக்ட் போட வேண்டியதில்ல. சர்வே காப்பி ஒண்ணு எடுத்து ஃபென்ஸ் வர்ற வழிய செவப்புப் பேனால கோடு போட்டு, ஒவ்வொரு பக்கமும் நீளம், லைன்ல இருந்து தூரம், உயரம், மெட்டீரியல், கேட் எங்க, ஈஸ்மென்ட் எங்கன்னு அதுலயே எழுதிடுங்க. காப்பிய சின்னதாக்கி எடுத்தா ஸ்கேல் மாறிடும், அது ஒண்ணாலயே திரும்பி வர்ற அப்ளிகேஷன் இருக்கு.

அப்ரூவல் கைக்கு வந்ததும் 811க்கு (தோண்டறதுக்கு முன்னாடி மண்ணுக்குள்ள இருக்கற லைன்கள அடையாளம் காட்டச் சொல்ற நம்பர்) ஒரு கால் பண்ணுங்க, காசு கிடையாது, சில வேலை நாள்ல வந்து கேஸுக்கு மஞ்சள், கரண்ட்டுக்கு சிவப்பு, தண்ணிக்கு நீலம், போன் கேபிளுக்கு ஆரஞ்சுன்னு தரையில பெயின்ட் அடிச்சுட்டுப் போவாங்க. உங்க ஸ்ப்ரிங்க்ளர் பைப், பூலுக்குப் போற கரண்ட் லைன் மாதிரி நீங்களா போட்டத அவங்க காட்ட மாட்டாங்க, அத கான்ட்ராக்டர் கிட்ட நீங்கதான் சொல்லணும். பர்மிட்டுக்கு காலக்கெடு இருக்கும், பல இடத்துல ஆறு மாசமோ ஒரு வருஷமோ, அதுக்குள்ள ஆரம்பிக்கணும். வேலை முடிஞ்சு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் இருந்தா அதயும் கூப்பிட்டு முடிச்சு, முத்திரை போட்ட டிராயிங்க வீட்டுப் பத்திரத்தோடயே வைங்க. வீட்ட விக்கறப்போ முடிக்காத பர்மிட் ஒண்ணு ரெக்கார்டுல நின்னா, வாங்கறவங்களோட டைட்டில் கம்பெனி (சொத்து உரிமைய சரிபாக்கற கம்பெனி) அத க்ளோஸ் பண்ணிட்டு வாங்கன்னு சொல்லும், அந்த நேரத்துல பழைய கான்ட்ராக்டர தேடிட்டு அலையறது ரொம்பக் கஷ்டம்.