எஸ்.சி., எஸ்.டி. ஓனர்களுக்கு அரசு டெண்டர்ல 4% இருக்கு, அத வாங்குறது எப்படி?

சின்ன யூனிட் நடத்துறவங்க நிறைய பேர் டெண்டர்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்னு ஆரம்பத்துலயே ஒதுங்கிடுறாங்க, அதுதான் மனசுக்கு கஷ்டமா இருக்கு, ஏன்னா விதியிலயே உங்களுக்குன்னு ஒரு பங்கு இருக்கு. 2012ல வந்த கொள்முதல் ஆணைப்படி மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வருஷத்துக்கு வாங்குறதுல 25% குறு, சிறு நிறுவனங்கள்கிட்ட வாங்கணும், முதல்ல 20%தான் இருந்துச்சு, 2018 திருத்தத்துல ஏத்துனாங்க. அந்த 25%க்குள்ள 4% எஸ்.சி., எஸ்.டி. ஓனர்களுக்கு, 3% பெண் ஓனர்களுக்கு. இது மத்திய அரசு கணக்கு மட்டும். மாநகராட்சி, மாநிலத் துறை டெண்டருக்கு மாநில விதி தனி.

1. உத்யம் பதிவு
இது சின்ன தொழில்களுக்கான மத்திய அரசு பதிவு. ஆதார், பான், ஜிஎஸ்டி இருந்தா போதும், போர்ட்டல்ல நீங்களே போடலாம், முழுக்க இலவசம். யாராவது பீஸ் கேட்டா குடுக்காதீங்க. ஃபார்ம்ல சமூகப் பிரிவு கேக்குற இடத்துல எஸ்.சி. இல்ல எஸ்.டி.னு சரியா போடுங்க, அத பொதுப்பிரிவுன்னு விட்டுட்டா 4% கணக்குலயே வரமாட்டீங்க. தொழில் வகையில உற்பத்தியா சேவையான்னு பாத்து போடுங்க, வெறும் டிரேடிங்க்கு இந்த சலுகை கிடையாது.

2. பேப்பர்ஸ்
கம்யூனிட்டி சர்டிபிகேட் ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க. தனி ஓனர்னா அது போதும். பார்ட்னர்ஷிப், பிரைவேட் லிமிடெட்னா குறைஞ்சது 51% பங்கு எஸ்.சி., எஸ்.டி. ஆட்கள் கையில இருக்கணும், பத்திரத்துல அது தெளிவா தெரியணும்.

3. ஜெம் போர்ட்டல்
இது அரசு அலுவலகங்கள் ஆன்லைன்ல சரக்கு வாங்குற தளம். செல்லரா பதிஞ்சு உத்யம் நம்பர இணைச்சிடுங்க. நீங்களே தயாரிக்கிற பொருளா போடுங்க, வேற கம்பெனி சரக்க வாங்கி விக்கிறவங்களுக்கு முன்னுரிமை வராது. சந்தேகம்னா என்.எஸ்.ஐ.சி. (தேசிய சிறுதொழில் கழகம்) நடத்துற தேசிய எஸ்.சி.-எஸ்.டி. ஹப்ல கேளுங்க, அவங்க வேலையே அதுதான்.

4. டெண்டர் போடுறது
டெண்டர் ஃபார்ம் இலவசம், இ.எம்.டி. (டெண்டர் போடும்போது கட்டுற முன்வைப்புப் பணம்) கட்ட வேண்டாம், ஆனா அந்த இடத்த காலியா விடாம உத்யம் சர்டிபிகேட்ட ஏத்துங்க. ஆர்டர் கிடைச்ச பிறகு கட்டுற செக்யூரிட்டி டெபாசிட்டுக்கு விலக்கு கிடையாது, அந்த பணத்த முன்னாடியே யோசிச்சு வைங்க.

5. ரேட்
இத ரெண்டு தடவ படிங்க. நீங்க எல்1 (எல்லாரையும் விட குறைஞ்ச ரேட் கோட் பண்றவங்க) ஆகணும்னு அவசியமே இல்ல. 1000 நாற்காலி டெண்டர்னு வைங்க, ஒரு பெரிய கம்பெனி 1000 ரூபா கோட் பண்ணி எல்1, நீங்க 1120 கோட் பண்ணிருக்கீங்க. எல்1 மேல 15%க்குள்ள, அதாவது 1150க்குள்ள இருக்கீங்க, அதனால 1000 ரூபாய்க்கு இறங்கி வர சம்மதமான்னு உங்கள கேப்பாங்க, சரின்னா 250 நாற்காலி வரைக்கும் உங்களுக்கு ஒதுக்கலாம், உங்கள மாதிரி இன்னும் சின்ன யூனிட் இருந்தா அது பங்கு பிரியும். பிரிக்க முடியாத சரக்குன்னா முழு ஆர்டரும் வர வாய்ப்பு இருக்கு. எல்1ஏ ஒரு சிறு நிறுவனமா இருந்தா மட்டும் இந்த வழி இல்ல. அதனால 1000க்கு இறங்குனா கட்டுமான்னு செலவு கணக்க கோட் பண்றதுக்கு முன்னாடியே போட்டு வச்சுக்கோங்க, கட்டாத ரேட்டுக்கு சரின்னு சொல்லிடாதீங்க.

இன்னொன்னு, எஸ்.சி., எஸ்.டி. யூனிட் யாரும் கலந்துக்கலன்னா, இல்ல எல்1 விலைக்கு வரலன்னா, அந்த 4% மத்த சிறு நிறுவனங்களுக்கு போயிடும். தயவு செஞ்சு கலந்துக்கோங்க.

6. பணம்
சரக்க ஏத்துக்கிட்ட நாள்லேர்ந்து அதிகபட்சம் 45 நாள்ல பணம் வந்தாகணும். 15 நாளுக்குள்ள எழுத்துல எந்த ஆட்சேபமும் வரலன்னா டெலிவரி நாளே ஏத்துக்கிட்ட நாள்தான், அதனால டெலிவரி சலான்ல தேதியோட கையெழுத்து வாங்காம வண்டிய திருப்பாதீங்க. தாண்டிப்போனா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்ட மாதிரி மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டுவட்டி கேக்க சட்டத்துலயே இடம் இருக்கு, பணம் தாமதமானா புகார் வாங்குற அரசு போர்ட்டல்ல அந்த சலானையும் பில்லையும் ஏத்தி புகார் போடலாம்.