கிளி பேசவில்லை, 'டிங்' அடித்தது

எங்கள் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு 3 வாரம் "வா வா" சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். குரலைப் பதிவு செய்து ஃபோனில் ஓடவிட்டேன். பதிவுக்கு முன் வரும் 'டிங்' சத்தத்தை மட்டும் அச்சு அசலாகப் பிடித்துக்கொண்டது! கவனம் சிதறுகிறதோ என்று கூண்டிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவிட்டேன், கத்தல்தான் கூடியது.

பிறகுதான் கண்ணைக் கவனித்தேன். காலையில் கூண்டுத் துணியை விலக்கும்போது அதன் கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும், தலையைச் சாய்த்து என் வாயையே பார்க்கும். வேறு நேரத்தில் அப்படி இல்லை. பாடத்தை அந்த 5 நிமிடத்துக்கு மாற்றினேன், துணியை விலக்கும்போதே உற்சாகமாக "வா வா!" 9ஆம் நாள், துணிக்குள்ளிருந்தே "வா வா" என்றது. அப்பாடா!

பகல் கத்தலுக்கு, விதைகளை வெற்றுக் காகிதத்தில் பொட்டலமாகச் சுருட்டிக் கம்பியில் செருகினேன். விதையைவிடக் கிழிப்பதில்தான் குஷி.