ஃப்ராய்டை வச்சு நாவல் படிக்கப் போறீங்களா, இதையெல்லாம் பண்ணாதீங்க

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்துல இருந்து ஃப்ராய்டோட உளப்பகுப்பாய்வை வச்சு நாவலை ஆய்வு பண்ற பிள்ளைங்க ஆய்வேட்டு அத்தியாயத்தை எடுத்துட்டு வருவாங்க, கொஞ்சம் பாத்து சொல்லுங்க அண்ணாச்சின்னு. எழுத்துப்பிழை, அடிக்குறிப்பு எல்லாம் கைடு பாத்துப்பாரு, அதை விடுங்க. ஆனா சில தப்பு வருஷா வருஷம் ஆள் மாத்தி ஆள் பண்றாங்க.

பாம்பு, குகை, குடை

கதையில இதுல ஒண்ணு வந்தா உடனே பாலுறவுக் குறியீடுன்னு எழுதிடுதாங்க. எல்லாம் அது இல்ல. அடுத்ததுக்குப் போவோம்.

எழுத்தாளரைப் பிடிச்சு கட்டில்ல கெடத்துறது

நாவலை விட்டுட்டு, எழுதினவரையே நோயாளி மாதிரி ஆராயிறது. இதைப் பாத்தா எனக்கு இப்பவும் எரிச்சலா வரும். ஒரு பையன் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ பத்தி எழுதிட்டு வந்தான். சுந்தர ராமசாமி நாகர்கோவில்காரர், அவரோட பழகினவங்க இங்க இன்னும் இருக்காங்க, பையனுக்கு வசதியாப் போச்சு, ஒவ்வொருத்தர் வீட்டுக்கா போய் கட்டன் சாயா குடிச்சு அவரோட சின்ன வயசு, கோட்டயம், அப்பான்னு கேட்டு எழுதிட்டான். கதை சொல்ற பாலு யாரு? சு.ரா.தான். பாலுவுக்கு ஜே.ஜே. மேல ஏன் இத்தன கிறுக்கு? சு.ரா.வோட அப்பா. அத்தியாயம் முடிஞ்சு போச்சு. “மக்ளே, நாவல் எங்கடே?”ன்னு கேட்டேன். “அதான் அண்ணாச்சி முழுக்க நாவலு”ங்கான்.

1981ல வந்த அந்த நாவலோட முதல் வாக்கியத்தை அவன் தொடவே இல்ல. ஜோசஃப் ஜேம்ஸ் 1960 ஜனவரி 5ஆம் தேதி, காம்யூ விபத்துல செத்ததுக்கு மறுநாள் செத்தான்னு பாலு ஆரம்பிக்கான். காம்யூ நெஜ ஆளு, நோபல் வாங்கினவரு, 4ஆம் தேதி செத்தது நெஜம். ஜே.ஜே. கற்பனை மலையாள எழுத்தாளன். ஒரு சாவைச் சொல்ல வந்தவன் செத்தவனைத் தூக்கி காம்யூ பக்கத்துல வைக்காம அந்த வாக்கியத்தை முடிக்க முடியல பாருங்க, அங்கதான் தோண்டணும். வாழ்க்கை வரலாறு எழுதறவங்க தங்களோட நாயகன் மேல ஒட்டிக்கிடுதாங்க, சின்னதுல அப்பாவுக்குக் குடுத்த இடத்துல அவனை வைக்காங்கன்னு ஃப்ராய்டு 1910ல லியனார்டோ டாவின்சி பத்தி எழுதினதுலயே இருக்கு. ஜே.ஜே.யைப் பத்தி ஊர் ஊரா விசாரிச்சு குறிப்பு சேக்கிற பாலுவுக்கு அது அளவெடுத்துத் தைச்ச சட்டை. இதைச் சொல்ல சு.ரா.வோட அப்பா எதுக்கு?

பையன் கேக்கல, அப்படியே சமர்ப்பிச்சான். வாய்மொழித் தேர்வுல வெளியில இருந்து வந்தவரு கேட்டது ஒரே கேள்வி, எந்தப் பக்கத்துல எந்த வரி? அத்தியாயம் முழுசும் திருப்பி எழுதணும்னு ஆச்சு, அதுக்குள்ள உதவித்தொகையும் நின்னு போச்சு.

ஃப்ராய்டு பண்ணலியான்னு கேப்பீங்க. பண்ணினாரு. 1907ல ஜெர்மன் எழுத்தாளர் ஜென்சனோட ‘கிராடிவா’ கதையில வர்ற கனவுகளை நல்லாத்தான் ஆராய்ஞ்சாரு, அதோட விடாம ஜென்சனுக்கே லெட்டர் போட்டு உங்களுக்குத் தங்கச்சி யாராவது உண்டான்னு விசாரிச்சாரு. பெருசா ஒண்ணும் கெடைக்கல. 1912 பதிப்போட பின்குறிப்புல ஜென்சன் ஒத்துழைக்கலன்னு எழுத வேண்டியதாப் போச்சு.

அப்பா வந்தா ஈடிபஸ்

பையன் அம்மா மேல ஆசைப்பட்டு அப்பாவைப் போட்டியா நெனைக்கிறதைத்தான் ஃப்ராய்டு ஈடிபஸ் சிக்கல்னாரு. நம்ம ஊர்க் கதைக்கு இதுல தனிச் சிக்கல் இருக்கு. திருவிதாங்கூர்ல, நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடு உட்பட, மருமக்கள்வழி இருந்துச்சு, சொத்து மாமன்கிட்ட இருந்து மருமகனுக்கு, அதிகாரம் காரணவருக்கு, அதாவது குடும்பத்துல மூத்த தாய்மாமனுக்கு. கவிமணியோட ‘மருமக்கள்வழி மான்மியம்’ படிச்சவங்களுக்கு வெளக்க வேண்டாம். அந்த மாதிரி வீட்டுல பையன் முறைக்கிறது அப்பாவையா மாமாவையா? இதே கேள்வியை மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1927லயே தாய்வழி முறை உள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளை வச்சு ஃப்ராய்டு கூட்டத்துக்கிட்ட கேட்டாரு, ஃப்ராய்டோட சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ் ஒத்துக்கிடல, சண்டை நீண்டுச்சு. 1922ல கல்கத்தாவுல இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் ஆரம்பிச்ச கிரீந்திரசேகர் போஸும் ஈடிபஸ் விஷயத்துல ஃப்ராய்டோட கடிதத்துல மோதினவருதான். அதனால இப்படி மருமக்கள்வழிக் கூட்டுக்குடும்பமான தறவாட்டு வீட்டு நாவலை எடுத்தா முதல்ல சாவி யார் மடியில இருக்குன்னு பாருங்க, பெறவு அப்பாவைத் தேடுங்க.

கனவு

கனவு கண்டவன் அதைப் பத்தி என்ன சொல்றான்னு கேக்காம அர்த்தம் சொல்ல முடியாது, ஃப்ராய்டு முறையே அதான். நாவல்ல யார்கிட்ட கேப்பீங்க? கனவுக்கு முன்னாடி பின்னாடி இருக்கிற பத்தி, அதே சொல்லு வேற எங்க வருது, இதுகளைத்தான் கேக்கணும். கனவை மட்டும் பிச்சு எடுத்து தனியா ஆராயிறவங்க நிறைய.

லக்கான்

ஃப்ராய்டுக்குப் பெறவு வந்த பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர். அவசரப்படாதீங்க. அவரோட ‘எக்ரி’ புஸ்தகம் 1966ல இருந்து அங்கதான் இருக்கு.